முத்துக் குளித்தவர் தந்த கல்விக்கொடை

விலையுயர்ந்த முத்து ஒன்றைக் கண்ட வணிகன், தனக்குள்ள யாவற்றையும் விற்று அதை வாங்கினான் என்னும் உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் முத்தைக் கடலின் அடியிலிருந்து எடுத்து வந்தவர் யார்? அவருடைய பிள்ளைகள் படித்தார்களா? அவர்களுடைய படிப்புக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், நம் தமிழ்நாட்டின் கல்வி வரலாற்றிலேயே அழகான ஒரு பக்கம் நம் கண்முன் விரிகிறது.

கடலும் நம் ஊரும்

மலையடிவாரத்தில், மாந்தோப்புகளின் நடுவே வாழும் பெரியகுளத்து மாணவியராகிய நமக்குக் கடல் தொலைவானதுதான். ஆயினும் நம் வராக நதி வைகையில் கலக்கிறது. வைகையோ மதுரையையும் இராமநாதபுரத்தையும் கடந்து, கண்மாய்களுக்குப் போக மிஞ்சிய நீரோடு ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலைச் சேர்கிறது. நம் பாட்டிமார் வெற்றிலையில் தடவிய சுண்ணாம்பும் பெரும்பாலும் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றியதே. ஆகவே சிப்பியும் சங்கும் மட்டியும் எடுத்துப் பிழைக்கும் மக்கள் நமக்கு அந்நியரல்லர்.

முத்துக்குளித்துறை

தூத்துக்குடியை நடுவாகக் கொண்ட மன்னார் வளைகுடாக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். கடலடியில் முத்துச்சிப்பிகள் விளையும் திட்டுகளைப் 'பார்' என்பார்கள். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு ஆழத்திற்கு இறங்குவார். கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளியதும் கயிற்றை அசைப்பார். படகில் நிற்கும் துணைவர் அவரை மேலே இழுப்பார். அந்தத் துணைவரின் விழிப்பே குளிப்பவரின் உயிர். இவ்வளவு துன்பப்பட்டு எடுத்த சிப்பியிலும் ஒரு பங்குதான் அவருக்கு. மற்றது ஆட்சி செலுத்தியவர்களுக்கு.

இக்கரையில் வாழ்ந்த பரதவ மக்கள் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் கத்தோலிக்கத் திருமறையைத் தழுவினார்கள். 1542இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அங்கு வந்து சேர்ந்தார். ஊர் ஊராக நடந்து சிறுவர் சிறுமியரைக் கூட்டிச் செபங்களைத் தமிழில் கற்பித்தார். ஆனால் ஒருவரே எத்தனை ஊர்களுக்குச் செல்ல முடியும்? ஒவ்வோர் ஊரிலும் தங்கிக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். அவருக்குச் சம்பளமும் வேண்டும். அந்நாளில் இவ்வாசிரியர்களைக் கணக்கப்பிள்ளை என்று அழைத்தார்கள்.

அரசியின் காலணிப் பணம்

முத்துக்குளித்துறை மக்கள் செலுத்திய வரியில் ஆண்டுக்கு 4,000 பணம், போர்த்துக்கல் அரசி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. (பணம் என்பது அக்காலத்துச் சிறு பொன் நாணயம்.) அத்தொகையைக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்குச் சவேரியார் கேட்டுப் பெற்றார். விண்ணகத்திற்கு ஏறிச் செல்ல, இக்கரைப் பிள்ளைகளின் கல்வியைவிட நல்ல காலணி அரசிக்குக் கிடைக்காது என்னும் கருத்துப்பட எழுதினார் அவர். இன்று கல்வி மானியம் என்று நாம் சொல்வது இதைத்தானே! கடலில் குளித்தவரின் உழைப்பு, அரசியின் காலுக்குப் போகாமல் அவர்தம் பிள்ளைகளின் கல்விக்கே திரும்பி வந்தது.

முதல் தமிழ் அச்சு நூல்

இதனினும் பெரிய கொடை பின்னர் வந்தது. சவேரியாருக்குப் பின் அக்கரையில் பல்லாண்டுகள் பணியாற்றிய அண்டிரிக்கி அடிகளார் தமிழை ஆழ்ந்து கற்றவர். மக்கள் கையில் தமிழ்ப் புத்தகம் இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அச்சு வேலைக்காக முத்துக்குளித்துறை மக்கள் 400 குருசாடோ என்னும் போர்த்துக்கீசிய நாணயங்களைத் திரட்டித் தந்தார்கள். 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்க நூல் வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் இதுவே. 1586இல் 'அடியார் வரலாறு' என்னும் பெரிய நூலும் அச்சாயிற்று. அந்த மீனவர்களில் பலருக்கு எழுத்து வாசனை இருந்திராது. இருந்தும் தங்களுக்குப் பின் வருவோர் படிக்கட்டும் என்று கொடுத்தார்கள்.

முத்து மறைந்தது, படிப்பு வளர்ந்தது

பார்களில் சிப்பி குறைந்துகொண்டே வந்து, 1961ஆம் ஆண்டோடு தமிழ்நாட்டுக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் அறிவு நிற்கவில்லை. 1973இல் தூத்துக்குடியில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் அழகர்சாமி, சிப்பிக்குள் சிறு மணியை வைத்து உருண்டை முத்தை விளைவித்துக் காட்டினார். 1977இல் அந்நகரில் மீன்வளக் கல்லூரி எழுந்தது. அதற்கு முன்பே, 1948இல், பெண்களுக்கெனத் தூய மரியன்னை கல்லூரி அங்கே தொடங்கப்பட்டிருந்தது.

2007இல் சட்டம் இயற்றி அமைக்கப்பட்ட தமிழ்நாடு மீனவர் நல வாரியம், தன் உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வழங்குகிறது. ஆனால் உதவி உண்டு என்று அறியாத குடும்பத்துக்கு அந்த உதவி இருந்தும் பயன் இல்லை. உறுப்பினராகப் பதிந்துகொள்ளவும், சான்றுகளை இணைத்து உரிய காலத்தில் விண்ணப்பிக்கவும் வீட்டில் ஒருவருக்காவது எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அந்த ஒருவர், பள்ளிக்குச் செல்லும் மகளாகவே இருப்பாள்.

அறிவும் அனுபவமும் சேர்ந்தால்

தம்பிரான் வணக்கம் அச்சான அதே கொல்லத்தில் அட்டமுடிக் காயல் இருக்கிறது. அங்கே மட்டி வாரும் மக்களும் ஆராய்ச்சியாளரும் கூடி ஒழுங்குமுறைகளை வகுத்தார்கள். குஞ்சு பெருகும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மட்டி வாருவதில்லை, சிறியவற்றை எடுப்பதில்லை. இதனால் 2014இல் அக்காயலின் மட்டித் தொழில், வளம் குன்றாமல் நடக்கும் தொழில் என்று உலக அளவிலான சான்றிதழைப் பெற்றது. இந்தியாவில் ஒரு மீன்பிடித் தொழில் இச்சான்றிதழைப் பெற்றது அதுவே முதல் முறை. முதியவரின் அனுபவமும் கல்லூரியின் அறிவும் கைகோத்ததன் விளைவு இது.

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் எடுக்கும் சங்கு, வங்காளத்து மணப்பெண்களின் கை வளையலாகிறது. நீரோட்டம், காற்று, கடலடி நிலம் ஆகியவற்றைப் பற்றி அவர்கள் அறிந்தவை எந்தப் பாடநூலிலும் முழுமையாக இல்லை. அவர்களுடைய பிள்ளை வறுமையால் படிப்பை நிறுத்தினால், அந்த அறிவை எழுதிவைக்க யாரும் இல்லாமற்போகும். படித்த பிள்ளை தந்தையின் தொழிலை இழிவாக எண்ணி மறந்தாலும் அதே இழப்புத்தான். ஆகவே உதவித்தொகை, தொழிலை விட்டு ஓடுவதற்கான வழிச்செலவு மட்டுமன்று. தொழிலின் அறிவைக் காப்பாற்றும் முதலீடும் ஆகும்.

தோழியரே! நம்மில் பலரும் ஏதேனும் ஓர் உதவியால் படிக்கிறோம். அதைப் பெற்றுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம். அதை மறப்பதிலேதான் வெட்கம். நம் தெருவில் படிப்பை நிறுத்தும் நிலையில் ஒரு பெண் இருந்தால், அவளுக்கு உரிய உதவித்தொகை எது என்று விசாரித்துச் சொல்வோம். விண்ணப்பத்தை நிரப்பித் தருவோம். வேலைக்குச் சென்ற பின் ஒரு மாணவியின் படிப்பையாவது ஏற்றுக்கொள்வோம். மூச்சை அடக்கிச் சம்பாதித்த காசைப் புத்தகத்துக்குக் கொடுத்த அம்மக்களுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி இதுவே.