கொள்ளிடம்: துறையும் அணையும்

காவிரியைப் பாடாத புலவர் அரியர். அதன் கிளையாகிய கொள்ளிடத்தைத் தனித்து நோக்கியோரோ மிகச் சிலர். வெள்ள மிகுதியைக் கொள்ளும் இடம் என்பதே இப்பெயரின் பொருள் என்பர். முக்கொம்பில் பிரியும் இவ்வாறு அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாய் ஓடிக் கடலை அடைகின்றது. பெரம்பலூர் மாவட்டம் இன்று இதன் கரையைத் தொடவில்லை. ஆயினும் பச்சைமலையில் தோன்றும் மருதையாறு இரு மாவட்டங்களையும் கடந்து கொள்ளிடத்திலேயே கலக்கின்றது.

காவிரி கடலொடு கலக்குமிடத்தில் புகார் இருந்தது. புலிப்பொறி இட்ட பண்டப் பொதிகளையும், கடல்வழி வந்த குதிரைகளையும், ஈழத்தினின்றும் காழகத்தினின்றும் வந்த பொருள்களையும் பட்டினப்பாலை விரித்துரைக்கின்றது. தாலமி இத்துறையைக் 'கபேரிஸ்' எனக் குறித்தார். 1960களில் புகாரை அடுத்த கீழையூரில் நிகழ்ந்த அகழாய்வு, மரத்தூண்கள் நடப்பெற்ற செங்கற் படகுத்துறை ஒன்றை வெளிப்படுத்தியது. (பழுவூரை அடுத்த அரியலூர்க் கீழையூர் வேறு, மாணாக்கர் பலர் இவ்விரண்டையும் மயங்குகின்றனர்.) கொள்ளிடத்தின் வாயிலோ தேவிக்கோட்டை இருந்தது. 1749இல் ஆங்கிலக் கும்பினியார் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து அதனைக் கைப்பற்றினர். எனினும் பெருங்கலங்கள் தங்கும் துறையாக அது வளரவில்லை.

துறையின் கதை இவ்வளவே. அணையின் கதை நீண்டது. கொள்ளிடத்தின் படுகை காவிரியினும் தாழ்ந்தது. ஆதலின் பிரியுமிடத்திலேயே நீர் பெரும்பகுதியும் கொள்ளிடத்தை நோக்கிச் சாய, தஞ்சைக் கழனிகள் வாடின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்குறை பெரிதாயிற்று. ஆர்தர் காட்டன் 1836ஆம் ஆண்டையொட்டி முக்கொம்பில் மேலணையையும், அணைக்கரையில் கீழணையையும் எழுப்புவித்தார். கீழணையினின்றும் பிரியும் வடவாறு வீராணம் ஏரிக்கு நீர் ஊட்டுகின்றது. இது பெரும்பணி என்பதில் ஐயமில்லை.

ஆனால் அக்கீழணைக்குக் கல் எங்கிருந்து வந்தது என்பதை நீர்ப்பாசன வரலாற்று நூல்கள் எளிதிற் கடந்து செல்கின்றன. அணைக்கரைக்கு அண்மையிலுள்ளது கங்கைகொண்டசோழபுரம். முதலாம் இராசேந்திரன் அங்கு அகழ்ந்த சோழகங்கத்தை நீர்மயமான வெற்றித்தூண் என்னும் கருத்தில் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகின்றது. கொள்ளிடத்தினின்று வெட்டிய நெடுங்கால்வாய் ஒன்றும், வெள்ளாற்றினின்று வந்த சிறுகால்வாய் ஒன்றும் அவ்வேரியை நிரப்பின என்று 1855ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று கூறும். கீழணை கட்டுங்கால் பெருங்கோயிலின் திருச்சுற்று மதில் ஏறத்தாழ முழுதும் இடிக்கப்பெற்றுக் கற்கள் கொண்டு செல்லப்பட்டன என்பதும், தடுக்க முயன்ற ஊரார் ஒறுக்கப்பட்டனர் என்பதும், ஈடாகச் செங்கல் மதில் எழுப்புவோம் என்ற உறுதிமொழி காற்றிற் போயிற்று என்பதும் அக்குறிப்பால் அறியலாகும். மதிற்கற்களில் எழுத்துகளும் இருந்திருத்தல் கூடும். அவ்வாறாயின் சோழர் தலைநகரின் வரலாற்றில் ஒரு பகுதி இன்று நீரின் அடியில் கிடக்கின்றது என்றே யாம் கருதுகின்றோம்.

பின்னர் 1934இல் மேட்டூர் அணை நிறைவெய்தியது. அதற்கு மேலே கன்னட நாட்டில் கிருட்டிணராச சாகரம், கபினி, ஏமாவதி முதலியன எழுந்தன. 2018 பிப்ரவரி 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம், பிலிகுண்டுலுவில் ஆண்டுதோறும் தமிழகத்திற்குத் தரவேண்டிய நீரை 177.25 டி.எம்.சி. என வரையறுத்தது. மேக்கேதாட்டில் 67.16 டி.எம்.சி. கொள்ளும் அணை வேண்டும் என்பது கருநாடகத்தின் கோரிக்கை. பெங்களூரின் குடிநீரையும் மின்னாக்கத்தையும் அது காரணமாகக் காட்டுகின்றது. தமிழகம் எதிர்க்கின்றது.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. காவிரிக்கு உரிய பங்கு கணக்கில் உண்டு; கொள்ளிடமோ கணக்கிற்குப் புறம்பான மிகுதியால் வாழும் ஆறு. மேலே மிகுதி தேக்கப்படின் முதலில் வறள்வது இதுவே. கடலிற் சேரும் நீர் வீணே என்பாரும் உளர். அவ்வுரையை யாம் ஏற்கிலேம். கழிமுகத்தில் உவர்நீர் உள்ளேறாவண்ணம் தடுப்பதும், கரையோரக் கிணறுகளில் ஊற்றாய்ச் சுரப்பதும் அந்நீரே. மிகுதி வருங்காலும் இடர் இல்லாமல் இல்லை: 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன.

பெரம்பலூர் நகர மக்கள் பருகும் நீரிலும் கொள்ளிடத்து மணற்படுகையில் எடுத்துக் குழாய்வழிக் கொண்டுவரப்படும் நீர் உண்டு.