காதுக்குள்ள ஒரு ஜைரோ

இதை போன்லதானே படிக்கிறீங்க? ஒரு சின்ன வேலை செய்யுங்க. போனை அசைக்காம பிடிச்சுக்கிட்டு, தலையை மட்டும் 'இல்லை, இல்லை'ன்னு வேகமா ஆட்டிக்கிட்டே இந்த வரியைப் படிங்க. படிக்க முடியுது இல்ல? இப்போ தலையை அசைக்காம, போனை அதே வேகத்துல இடமும் வலமும் ஆட்டுங்க. எழுத்தெல்லாம் குழம்பிப் போயிடும்.

இரண்டிலும் கண்ணுக்கு எதிரே எழுத்து ஒரே மாதிரிதான் ஓடுது. முதல் தடவை மட்டும் உங்களுக்கு ஒரு உதவி கிடைச்சது, காதிலிருந்து. தலை திரும்பிய உடனே உள்காது அதை அளந்து கண் தசைகளுக்குச் சொல்லிவிடுகிறது. கண்ணும் அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறது. இதற்கு ஆகும் நேரம் ஏறக்குறைய 10 மில்லி செகண்ட். எழுத்து நகர்வதைக் கண் பார்த்து, மூளை கணக்குப் போட்டு, அப்புறம் துரத்துவதென்றால் அதைப்போல பத்து மடங்கு நேரம் ஆகும். போன் கேமராவில் வீடியோ ஆடாம இருக்க ஜைரோஸ்கோப் வைக்கிறாங்களே, அதே ஐடியா.

காதுன்னா கேட்கிற உறுப்புன்னுதான் நாம ஸ்கூல்ல படிச்சோம். கேட்பதற்கான நத்தை வடிவக் குழலை ஒட்டி, அதே எலும்புக்குள்ள மூணு அரைவட்டக் குழாய்களும் இரண்டு சின்னப் பைகளும் இருக்கு. இவைகளுக்கும் கேட்பதற்கும் சம்பந்தமே இல்லை.

குழாய்கள் எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்க ஒரு சொம்பு தண்ணி போதும். மேலே ஒரு வேப்பிலையை மிதக்க விட்டு, சொம்பைச் சட்டென்று திருப்புங்க. சொம்பு திரும்பும், இலை நின்ன இடத்திலேயே நிற்கும். தலை திரும்பும்போது குழாயும் கூடவே திரும்புது, உள்ளே இருக்கிற திரவம் பின்தங்குது. அது வழியில் இருக்கும் ஜெல்லி மாதிரியான ஒரு தடுப்பைத் தள்ளும். அந்தத் தடுப்புக்குள்ள நுண்ணிய முடி போன்ற நீட்சிகளோட செல்கள் இருக்கு. முடி வளைஞ்சா நரம்புக்கு சிக்னல் போகும். மூணு குழாயும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தா இருப்பதால எக்ஸ், ஒய், இசட் மூணு அச்சும் கவர் ஆயிடுது.

பைகள் இரண்டும் வேற டிசைன். ஒரு ஜெல்லி மெத்தை, அதன் மேல கால்சியம் கார்பனேட் துகள்கள். ஆமாம், கிளிஞ்சலில் இருக்கும் அதே பொருள். துகள்கள் சுற்றியுள்ள திரவத்தைவிடக் கனமானவை. அதனால தலை சாய்ந்தாலும், பஸ் திடீர்னு பிரேக் போட்டாலும் மெத்தை சறுக்கும், கீழே உள்ள முடிகள் வளையும். இது ஆக்சிலரோமீட்டர். போனைச் சாய்த்தா ஸ்கிரீன் திரும்புறதும் இப்படி ஒரு சென்சாராலதான்.

சென்சாருக்கு வெளியீடு பூஜ்ஜியத்திலிருந்து ஆரம்பிக்கணும்னு நாம நினைப்போம். இங்க அப்படி இல்லை. தலை அசையாம இருக்கும்போதும் இந்த நரம்புகள் துடிச்சுக்கிட்டே இருக்கும்; குரங்குகளில் அளந்தப்போ நொடிக்குச் சுமார் 90 தடவை. வலப்பக்கம் திரும்பினா வலது காதின் எண்ணிக்கை கூடும், இடது காதின் எண்ணிக்கை குறையும். மூளை பார்ப்பது வித்தியாசத்தை. டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர்னு எலக்ட்ரானிக்ஸ் பசங்க கத்துவாங்க, சரிதான். இதுல ஒரு ஆபத்து இருக்கு. வைரஸ் தாக்கி ஒரு பக்க நரம்பு வேலையை நிறுத்தினா, அந்தப் பக்கம் பூஜ்ஜியம், மறுபக்கம் வழக்கமான எண்ணிக்கை. நீங்க கட்டில்ல அசையாம படுத்திருந்தாலும் மூளைக்கு 'சுத்துறோம்'னுதான் அர்த்தம். உலகமே சுழலும், வாந்தி வரும்.

இரண்டு சென்சாருக்கும் பிறவியிலேயே ஒவ்வொரு குறை. தட்டாமாலை சுத்தியிருப்பீங்க. நின்ற பிறகு ஏன் எதிர்ப்பக்கம் சுத்துது? தொடர்ந்து ஒரே வேகத்தில் சுத்தும்போது திரவமும் குழாயோட வேகத்துக்கு வந்துடும், தடுப்பு நேராயிடும், கொஞ்ச நேரத்தில் சிக்னலே நின்னுடும். நீங்க நின்றதும் குழாய் நிற்கும், திரவம் ஓடிக்கிட்டே இருக்கும். குழாய் உண்மையில் அளப்பது வேக மாற்றத்தை.

துகள் பைகளின் குறை இன்னும் மோசம். பின்னால் சாய்வதும், முன்னோக்கி வேகம் எடுப்பதும் அதுக்கு ஒண்ணுதான். ஐன்ஸ்டைன் சொன்ன சமானத் தத்துவம் காதுக்கும் பொருந்தும். ராத்திரி கடல் மேல விமானம் வேகமெடுத்துக் கிளம்பும்போது, வெளியே எதுவும் தெரியாத பைலட்டுக்கு மூக்கு ரொம்ப மேலே தூக்கியிருக்கிற மாதிரி தோணும். அதை நம்பி மூக்கைக் கீழே அழுத்தினா நேரா கடல்தான். இப்படி உண்மையாவே விபத்துகள் நடந்திருக்கு. அதனாலதான் உடம்பு சொல்றதை விட்டுட்டு கருவிகளை நம்பணும்னு பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கிறாங்க.

இரண்டு சக்கர பேலன்சிங் ரோபோ செஞ்சவங்களுக்கு இதெல்லாம் பழகின தலைவலி. ஜைரோ மட்டும் போட்டா டிரிஃப்ட் ஆகும், ஆக்சிலரோமீட்டர் மட்டும் போட்டா நடுங்கும். இரண்டையும் ஃபில்டரில் கலக்கணும். மூளையும் கலக்குது, ஆனா அதுக்கு இன்னும் இரண்டு சென்சார் கூடுதலா இருக்கு: கண், அப்புறம் உள்ளங்கால், கணுக்கால், கழுத்திலிருந்து வரும் உணர்வு. சோதிக்கணும்னா ஒரு தடிமனான மெத்தை மேல, சுவரோரமா, காலைச் சேர்த்து நின்னு கண்ணை மூடுங்க. பக்கத்துல ஆள் இருக்கட்டும். கண் போச்சு, மெத்தை அமுங்குவதால கால் தரும் தகவலும் நம்பகமா இல்லை. காதை மட்டும் வெச்சு நிக்கிறீங்க. கணுக்கால் எவ்வளவு வேலை செய்யுதுன்னு அப்போ தெரியும். நிற்கிறதுன்னாலே தலைகீழ் ஊசலைக் கவிழாம பிடிச்சுக்கிட்டே இருக்கிறதுதான். காதிலிருந்து தண்டுவடம் வழியா கால், முதுகுத் தசைகளுக்கு நாள் பூரா ஆர்டர் போய்க்கிட்டே இருக்கு. பஸ்ஸில் உட்கார்ந்து செமஸ்டர் நோட்ஸ் படிச்சா குமட்டுவதும் இந்தக் கலவையில் வரும் சண்டையாலதான்: காது 'ஆடுறோம்'ங்குது, கண் 'பக்கம் அசையவே இல்லையே'ங்குது.

சரி, இந்தக் காதுச் சென்சார் இரண்டு பக்கமும் போயிட்டா? 1952-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு டாக்டர் தன் கதையையே எழுதினார். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தால அவருக்கு அது போயிடுச்சு. படுக்கையில் படிக்கணும்னா கட்டிலின் தலைமாட்டுக் கம்பிகளுக்கு நடுவே தலையை முட்டுக்கொடுத்து வெச்சுக்கணும். இல்லன்னா நாடித் துடிப்பில் தலை ஆடும் அந்தக் கொஞ்ச ஆட்டத்துக்கே எழுத்துகள் குதிக்கும். தெருவில் போர்டு படிக்க நடையை நிறுத்தணும். நாம் மேலே செஞ்ச போன் சோதனையின் இரண்டாவது பாதி, அவருக்கு வாழ்க்கை பூரா. அதே குடும்பத்து ஜென்டாமைசின் இப்பவும் பயன்பாட்டில் இருக்கு. அதைப் பல நாள் கொடுக்க வேண்டியிருந்தா டாக்டர்கள் அளவைக் கவனமா பார்ப்பது இதனாலும்தான்.

இவ்வளவு பெரிய பிரச்சினை அபூர்வம். நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குச் சாதாரணமா வருவது வேற ஒண்ணு. பையிலிருந்து சில துகள்கள் கழன்று, பக்கத்துக் குழாய்க்குள்ள விழுந்துடும். அப்புறம் படுக்கையில் திரும்பிப் படுத்தாலோ, பரண்ல எதையோ எடுக்க அண்ணாந்து பார்த்தாலோ, துகள் உருண்டு திரவத்தைத் தள்ளும். ஒரு நிமிஷத்துக்குள்ள நிற்கிற பயங்கரச் சுழற்சி. 'பித்தம்'னு எலுமிச்சை ஜூஸ் கொடுப்போம், 'பி.பி.'ன்னு பயப்படுவோம். மாத்திரை சாப்பிட்டா சுழற்சி மந்தமாகலாம், துகள் நகராது. அதை நகர்த்த வழி மெக்கானிக்கல்தான்: அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இருந்த டாக்டர் ஜான் எப்லி, தலையை ஒரு குறிப்பிட்ட வரிசையில் திருப்பி, துகளை வந்த வழியே உருட்டி வெளியேற்றும் முறையைக் கண்டுபிடிச்சார். 1992-ல் அதை விரிவா வெளியிட்டார். சில நிமிஷ வேலை. பெரும்பாலும் ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகுது. எந்தக் காது, எந்தக் குழாய்னு முதலில் பார்க்கணும். அதனால யூடியூப் பார்த்து பாட்டி தலையைத் திருப்பாதீங்க, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் கூட்டிட்டுப் போங்க.

போகும்போது வார்த்தையைச் சரியா சொல்லச் சொல்லுங்க. நம்ம ஊரில் எல்லாத்துக்கும் 'மயக்கமா வருது'தான். தமிழில் இதுக்கு எத்தனை சொல் இருக்கு! அறை சுழல்றது தலைசுற்றல். எழுந்ததும் கண் இருட்டுறது மயக்கம். நடக்கும்போது கால் நிலைகொள்ளாதது தள்ளாட்டம். டாக்டர் தேடும் காரணம் ஒவ்வொன்றுக்கும் வேற வேற. எப்போ வருது, எத்தனை நொடி இருக்கு, எந்தப் பக்கம் திரும்பினா வருதுன்னும் குறிச்சுக்கோங்க. சுற்றலோட பேச்சு குழறினாலோ, பொருள் இரண்டிரண்டாத் தெரிஞ்சாலோ, ஒரு பக்கம் கை கால் வலுவிழந்தாலோ, நிற்கவே முடியலன்னாலோ அது பக்கவாதமா இருக்கலாம். அப்போ குறிப்பெல்லாம் எடுத்துக்கிட்டு இருக்காதீங்க, 108-க்கு போன் பண்ணுங்க.