வெறும் டின் திரும்பிப் போனதில்லை

எங்கள் வீட்டில் ஒரு மைலோ டின் இருந்தது. பச்சைச் சாயம் பாதி உரிந்து, விளிம்பெல்லாம் துரு ஏறிய டின். மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பினால்தான் திறக்கும். அதன் அடியில் அம்மா ஆணியால் மூன்று புள்ளி குத்தி வைத்திருந்தார். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டிலும் மைலோ டின் உண்டு. எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. ஒரு வீட்டுக்கு ஐந்து புள்ளி, இன்னொரு வீட்டுக்குப் பெருக்கல் குறி, எழுதத் தெரிந்தவர் இருந்த வீட்டுக்குப் பெயரின் முதல் எழுத்து.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே அந்த டின் இன்னும் சில டின்களோடு புறப்பட்டுவிடும். அம்மா கையால் சுற்றிய முறுக்கு, நெய் உருண்டை, மேலே ஒரு துண்டு நாளிதழ், மூடி. பக்கத்து வீடு, எதிர் வரிசை, தோட்டத்துக்கு வெளியே கம்பத்தில் இருந்த மலாய் மாக்சிக் வீடு, கடை வைத்திருந்த சீனத் தௌக்கே வீடு. கொண்டு போவது எங்கள் வேலை. கொடுத்த கையோடு டின் திரும்பி வராது. ஒரு வாரம் ஆகலாம், ஒரு மாதம் ஆகலாம். ஆனால் வரும்போது அதற்குள் ஏதாவது இருக்கும். எலுமிச்சை ஊறுகாய், நாலு நாட்டுக்கோழி முட்டை, கொல்லையில் பறித்த கீரை. மாக்சிக் வீட்டிலிருந்து நோன்புப் பெருநாளுக்கு டோடோல் வரும். தௌக்கே வீட்டுக்குப் போன டின் சீனப் புத்தாண்டு வரை அங்கேயே கிடந்து ஆரஞ்சுப் பழத்தோடு வரும்.

நம் வீட்டிலிருந்தும் அப்படித்தான். "டேய், அக்கா வீட்டு டின்னு அடுப்படியில கெடக்கு. வெறும் டின்னாவா கொண்டு போவ? இரு, நாலு தேங்கா மிட்டாயாச்சும் போட்டுத் தரேன்." கையில் ஒன்றுமில்லாத நாளில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டாவது அம்மா அனுப்புவார். அதுவும் இல்லையென்றால் டின் இன்னும் இரண்டு நாள் நம் வீட்டில் தங்கும். வெறும் டின் திரும்பிப் போனதாக எனக்கு நினைவே இல்லை.

மலேசியாவில், நெகிரி செம்பிலானின் ராசாவை ஒட்டிய கித்தா (ரப்பர்) தோட்டம் ஒன்றில், 1970களில் நடந்தவை இவை. சிரம்பானிலிருந்து மம்பாவ் வழியாகப் போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் இருக்கிறது ராசா. இன்று துவாங்கு ஜாபார் மருத்துவமனையைச் சொன்னால்தான் பலருக்கு அடையாளம் தெரிகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனர்கள் ஈயம் தோண்ட வந்த ஊர் இது. பிறகு சுற்றிலும் கித்தா வந்தது. கித்தாவோடு நாம் வந்தோம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் எடுப்பது 1938இல் நின்றது. அதற்குள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இரண்டு தலைமுறை வேர் பிடித்திருந்தது.

அந்த வாழ்க்கையை அழகென்று எழுதினால் அது பொய். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, தலையில் விளக்கு, தோளில் பால் சுமக்கும் காண்டா, மழை பெய்தால் கூலி இல்லை. பொம்மை வாங்கித் தர யாரிடமும் காசு இல்லை என்பதால்தான் நாங்கள் பொம்மை செய்தோம். வெட்டுக் கோட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடா நாடாவாக உரித்துச் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கினோம். அந்தப் பந்து கூரைக்கு மேல் எகிறும்; நாற்றத்தைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும். கித்தாக் கொட்டையில் துளை போட்டு, உள்ளிருப்பதைக் குடைந்து எடுத்து, நூல் கோத்து, மேலே மூங்கில் சிம்பு செருகினால் காற்றாடி. நூலை இழுத்து இழுத்து விடும்போது அது விர்ரென்று சுழலும். டின்பால் டப்பா இரண்டில் கயிறு கட்டினால் பொய்க்கால். தம்பிக்கு ஒன்று செய்து கொடுத்த அண்ணன் அன்றைக்கு முழுவதும் ராஜாதான்.

எல்லாவற்றிலும் எனக்கு நெருக்கமானது கித்தா இலைப் பூ. இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிப்ரவரி, மார்ச்சில் கித்தா மரம் இலை உதிர்க்கும். காடு முழுக்கச் சருகு, நடந்தால் சரசரவென்று சத்தம். மரத்தில் பால் குறையும், பாலோடு கூலியும் குறையும். கையில் காசு மிகக் குறைந்த அந்த மாதங்களில்தான் எங்கள் அக்காமார் இலை பொறுக்கப் போவார்கள். ஓட்டையில்லாத, முற்றிய இலையாகப் பார்த்து எடுப்பார்கள். பழைய பானையில் தண்ணீர் ஊற்றி அமுக்கி வைத்துவிட்டால் இரண்டு மூன்று வாரம் அந்தப் பக்கம் போக முடியாது, அப்படி நாறும். இலையின் சதை அழுகிக் கொழகொழவென்று ஆனதும் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளங்கையில் விரித்து, பழைய பல் பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தேய்க்க வேண்டும். அழுத்தினால் கிழியும். அவசரப்பட்டால் நடு நரம்பு மட்டும் கையில் மிஞ்சும். பொறுமையாகச் செய்தால் சதை எல்லாம் கரைந்து ஓடி, கொசுவலையைவிட மெல்லிய நரம்பு வலை ஒன்று கையில் நிற்கும். அதன் இந்தப் பக்கமிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் இருக்கிறவர் முகம் தெரியும்.

அதைத் துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்தால் நீலம், கேசரிப் பவுடரில் தோய்த்தால் செம்மஞ்சள். பழைய நாளிதழ் அடுக்குகளுக்கு நடுவே வைத்து உலர்த்தி, ஐந்தாறு இலையைக் கம்பியில் கட்டினால் பூ. அட்டையில் ஒட்டினால் வாழ்த்து மடல். பிப்ரவரி கடைசியில் உதிர்ந்த இலை மே 16ஆம் தேதி ஆசிரியர் தினத்துக்குள் பூவாகித் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் மேசைமேல் இருக்கும். அதற்குச் செலவு பூக்கம்பி வாங்கிய சில காசுதான். ஆனால் இரண்டரை மாதம் அந்த ஆசிரியரை நினைத்துக்கொண்டே செய்தது அது. எங்கள் ஆசிரியை ஒருவர் அதை வாங்கியதும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். எட்டு வயதில் அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

தென்னங்குருத்தும் இப்படித்தான். நம் வீட்டில் கல்யாணம் என்றால் முதல் நாள் இரவு ஆண்கள் உட்கார்ந்து குருத்தோலையில் தோரணம் மடிப்பார்கள், நடு நடுவே கிளி, குருவி. அதே குருத்தோலையை நோன்புப் பெருநாளுக்கு மாக்சிக் கையில் எடுத்தால் அது அரிசி வைத்து அவிக்கும் கெத்துப்பாட் கூடாகும். ஓர் ஓலையை வலது கையில் சுற்றி, இன்னொன்றை இடது கையில் சுற்றி, குறுக்கே ஓட்டி, கடைசியில் ஓர் இழுப்பு இழுத்தால் பெட்டி மூடிக்கொள்ளும். எனக்கு அதைக் கற்றுக்கொடுக்க அவர் எத்தனையோ முறை முயன்றார். வரவில்லை. நான் மடித்த கிளியை அவர் தம் வீட்டு அரிசி டின்மேல் குத்தி வைத்திருந்தார், காய்ந்து பழுப்பாகும் வரை.

பிறகு எல்லாம் மாறியது, அதுவும் வேகமாக. கித்தா வெட்டுண்டு செம்பனை வந்தது. 1990களின் தொடக்கத்தில் ரப்பர் உற்பத்தியில் உலகின் முதலிடத்தை மலேசியாவிடமிருந்து தாய்லாந்து எடுத்துக்கொண்டது. செம்பனை ஈர்க்கில் துடைப்பம் கட்டலாம். அதன் இலையில் பூ வராது. தோட்டங்களும் நிற்கவில்லை. நிலம் கைமாறி வீடுகள் எழும்பின. ராசா ஜெயா, ராசா கெமாயான் என்று தாமான் (குடியிருப்பு) பெயர்கள் வாயில் புழங்கத் தொடங்கின. லயத்து மக்கள் அடுக்குமாடிக்கும் இணைப்பு வீட்டுக்கும் போனார்கள். பெண்கள் செனாவாங் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். மாதக் கூலி நிலையாக வந்தது, பிள்ளைகள் படித்தார்கள், தண்ணீரும் மின்சாரமும் வீட்டுக்குள் வந்தன. இதை நான் குறையாகச் சொல்லவே மாட்டேன். என் அம்மாவின் தோள் காண்டா சுமந்து காய்த்ததை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

கைவேலை ஏன் குறைந்தது என்று கேட்டால் எல்லாரும் நேரமில்லை என்கிறார்கள். கைப்பேசியைக் காரணம் சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. டின் போனது, அதுதான் காரணம்.

இன்று தீபாவளிக்கு முறுக்கு எப்படி வருகிறது பாருங்கள். சிவப்பு மூடி போட்ட தெளிந்த பிளாஸ்டிக் போத்தலில், மேலே லேபிளோடு, வாட்ஸ்அப்பில் சொன்னபடி வாசலுக்கு வந்துவிடுகிறது. அதில் இரண்டை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறோம். அவர்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறார்கள். போத்தலைத் திருப்பித் தர வேண்டியதில்லை. திருப்பித் தர வேண்டியதில்லை என்பதால் அதில் என்ன போட்டுத் தருவது என்று யோசிக்கவும் வேண்டியதில்லை. கொடுத்ததோடு கதை முடிந்துவிடுகிறது. முன்பு மூன்று புள்ளி போட்ட டின் பக்கத்து வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து, இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டே இருந்தது. அந்தப் பாக்கிதான் ஊறுகாய் போட வைத்தது, மிட்டாய் கிண்ட வைத்தது. கை எதையும் மறக்கவில்லை. கைக்கு வேலை கொடுத்த பாத்திரம்தான் காணாமல் போனது.

சிவப்பு மூடி போத்தலுக்குப் பின்னாலும் ஒரு பெண்ணின் கை இருக்கிறது, அதை மறக்கக் கூடாது. தாமான் வீட்டின் பின்கட்டில் விடியற்காலை மாவு பிசைந்து, எண்ணெய்ச் சட்டிமுன் நாள் முழுக்க நின்று முறுக்கு சுடுகிற அக்காமாரை எனக்குத் தெரியும். தோட்டத்தில் கற்ற கைப்பக்குவம் இன்று அவர்களுக்குச் சோறு போடுகிறது. ஒயர் கூடை பின்னி விற்கிறவர்கள் உண்டு, சேலைத் துணியில் பை தைக்கிறவர்கள் உண்டு. தீபாவளி சமயத்தில் பேரங்காடிகளின் நடுக்கூடத்தில் சாயம் ஏற்றிய அரிசியால் பெரிய பெரிய கோலம் போடுகிறார்கள். மலாய், சீனக் குடும்பங்கள் நின்று படம் எடுத்துக்கொண்டு போகின்றன. பள்ளியில் காட்சிக் கலைக்கல்விப் பாடத்தில் பிள்ளைகள் தாள் முடைகிறார்கள். கலை சாகவில்லை.

காணாமல் போன பாத்திரம் திரும்பி வந்ததற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. செட்டிநாட்டில் ஆச்சிமார் பனை ஓலையில் வண்ணக் கொட்டான் முடைவார்கள். சடங்குகளில் பரிசுப் பொருளை அதில் வைத்துத்தான் கொடுப்பார்கள். காலப்போக்கில் அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 2000ஆம் ஆண்டில் விசாலாட்சி ராமசாமி நிறுவிய எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை, சுற்று வட்டாரக் கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பழைய கொட்டான்களையே மாதிரியாக வைத்து மறுபடி முடைய வைத்தது. யுனெஸ்கோவின் சிறப்பு முத்திரையும் கிடைத்தது. முன்பு வீட்டுக்காரர் முடைந்ததை இப்போது கூலிக்கு முடைகிறார்கள். ஆனாலும் கொட்டான் இன்னும் பரிசு கொடுக்கத்தான் போகிறது. பாத்திரம் திரும்பி வந்ததும் பழக்கமும் கூடவே வந்துவிட்டது என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். நம்மூரில் லேவாதேவி நடத்திய செட்டியார்கள் வீட்டிலும் அந்தக் கொட்டான் இருந்திருக்கும்தானே என்று நினைத்துப் பார்ப்பதும் உண்டு.

2020 தீபாவளி நவம்பர் 14ஆம் தேதி வந்தது. கோவிட் கால நடமாட்டக் கட்டுப்பாடு. திறந்த இல்ல உபசரிப்பு கிடையாது, யார் வீட்டுக்கும் யாரும் போக முடியாது. அன்று காலை எங்கள் வாசல் கேட்டில் ஒரு துணிப்பை தொங்கியது. எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்தின் பிள்ளை வரைந்த வாழ்த்து மடல் ஒன்று, அவன் அம்மா செய்த வாழைப்பழ கேக். அன்று எங்களிடம் கடை முறுக்குதான் இருந்தது. அதைப் பையில் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. மனைவி தேங்காய் துருவ உட்கார்ந்தார். நான் அடுப்பில் சர்க்கரைப் பாகைக் கிளறினேன். முதல் தட்டு இறுகவே இல்லை. இரண்டாவது தட்டு கல்லாகிவிட்டது. மூன்றாவதை வெட்டிப் பையில் போட்டு மாலையில் அவர்கள் கேட்டில் மாட்டினேன். அந்தப் பை இன்றுவரை இரண்டு வீட்டுக்கும் நடுவே போய் வந்துகொண்டிருக்கிறது. ஒரு முறை ரெண்டாங், ஒரு முறை எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாய், ஒரு முறை அந்தப் பையன் களிமண்ணில் செய்த ஆமை. பையின் ஒரு காது பிய்ந்து, இரண்டு வீட்டு நூலாலும் தைக்கப்பட்டிருக்கிறது.

அம்மா இறந்த பிறகு அந்த மைலோ டின்னை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அடியில் மூன்று புள்ளி இன்னும் தெரிகிறது. உணவு வைக்க முடியாத அளவுக்குத் துருப்பிடித்துவிட்டது. உள்ளே கித்தா இலை நரம்புகள் சிலவற்றை வைத்திருக்கிறேன். போன ஆண்டு செய்தவை. தோட்டம் போனாலும் நெகிரி செம்பிலானில் சிறு தோட்டக்காரர்களின் கித்தா மரங்கள் இன்னும் நிற்கின்றன. பிப்ரவரியில் அந்தப் பக்கம் போனால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஓட்டையில்லாத இலையாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி வாருங்கள். மூன்று வாரம் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுப் பாத்திரம் ஏதாவது உங்கள் அடுப்படியில் கிடந்தால், அதையும் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெறுமையாக வேண்டாம்.