பல்லொன்று கூறும் பழங்கதை

இரத்தினபுரியில் மாணிக்கம் அகழ்வோர் வயலிலும் ஆற்றோரத்திலும் குழி தோண்டி, 'இல்லம்' எனச் சிங்களத்தில் வழங்கும் கூழாங்கற் படையை வாரியெடுத்து அரிப்பர். தமிழ்ச் செவிக்கு அச்சொல் வீட்டைக் குறிக்கும். பண்டை விலங்குகளின் என்புகளுக்கும் அப்படை இல்லமாய் அமைந்தமை வியப்பன்றோ? இன்று இலங்கைக் காடுகளிற் காணப்படாத காண்டாமிருகம், நீர்யானை ஆகியவற்றின் உயிர்ச்சுவடுகள் அங்குக் கிடைத்துள்ளன. குருவிட்டவிற் கிடைத்த பல்லைக் கொண்டு, ஈண்டு வாழ்ந்தொழிந்த சிங்கத்தை 1939இல் டாக்டர் பி. இ. பி. தெரணியகல உலகிற்கு அறிவித்தார்.

பல்லைக் கண்டு விலங்கை அறிதல் எங்ஙனம்? உடலில் மிக வன்மையுடையது பல்லின் மிளிரி. என்பு மட்கினும் அது நிலைக்கும். பல்லின் முகடுகள் இனத்தையும், தேய்வு உணவையும் உணர்த்தும்.

இதற்கு உலகறிந்த சான்று ஜைகன்டோபிதிகஸ் என்னும் மாபெரும் வாலில்லாக் குரங்கு. 1935இல் வொன் கொனிக்ஸ்வால்ட் என்னும் அறிஞர் ஹொங்கொங் மருந்துக்கடை ஒன்றில், மருந்துச் சரக்காக விற்கப்பட்ட பற்களிடையே அதன் கடைவாய்ப் பல்லைக் கண்டார். அது மனித குலத்தின் மூதாதையான இராட்சதனுடையது என வைடன்றைக் என்பார் கருதினார். 1956இல் தென்சீனத்துக் குவாங்சியில் ஒரு கீழ்த்தாடை வெளிப்பட்டது. 2019இல், 19 இலட்சம் ஆண்டு பழமையான பல்லிலிருந்த புரதத்தை ஆராய்ந்தோர், அது ஒராங்குட்டானின் உறவினம் எனத் தெளிந்தனர். இராட்சத மனிதன் என்ற கொள்கை வீழ்ந்தது.

இந்தியாவிலும், இமாசலப் பிரதேசத்து ஹரிதல்யங்காரில் 1968இல் ஒரு பெருங்குரங்கின் தாடை அறியப்பட்டது. அதனையும் முதலில் ஜைகன்டோபிதிகஸ் என்றனர். பின்னர் இந்தோபிதிகஸ் எனத் தனிப்பேரினமாக வகுத்தனர்.

ஆசிரியராகிய நாம் ஈண்டு ஒன்றைக் கருதுதல் வேண்டும். பத்தடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் குரங்கின் படத்தை வகுப்பிற் காட்டுகின்றோம். மாணவரும் அதனை மெய்யெனவே கொள்கின்றனர். சீனத்திற் கிடைத்தவையோ நான்கு கீழ்த்தாடைகளும் ஏறத்தாழ 2,000 பற்களுமே. கை கால் என்பு ஒன்றேனும் கிடைத்திலது. தாடையும் பல்லும் சான்று. உயரமும் நடையும் மயிரின் நிறமும் ஊகம். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத கல்வி கதை சொல்லுதலேயாம்.

மருந்துக்கடைப் பல் தான் பிறந்த மண்ணைச் சொல்லவில்லை. குழியோரத்தில் வீசப்படும் பல்லும் அவ்வாறே ஊமையாகின்றது. ஆற்றுநீர் பல காலத்துப் பொருள்களை ஒருங்கு சேர்த்த படையாதலின், கிடைத்த இடமும் ஆழமும் இன்றேல் காலங் கணித்தல் அரிது. ஆதலின், சப்ரகமுவத் தோட்டங்களில் வாழும் நம் மாணவரும் பழைய மாணவரும் அத்தகைய பல்லோ என்போ காணின், இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு கொழும்பு நூதனசாலைக்கு அறிவிப்பாராக. மாணிக்கம் ஒருவரைச் செல்வராக்கும். இப்பல்லோ நாடு முழுவதற்கும் பொருளாகும்.