மார்கழி ஆறில் திரும்பும் சூரியன்

மார்கழி பிறந்து ஐந்து நாள் ஆகியிருக்கும். வாசலில் கோலம், கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, மடப்பள்ளியில் வெண்பொங்கல் என்று ஊர் இருட்டோடு எழுந்து பழகியிருக்கும். ஆறாம் நாள் வாக்கில், அதாவது டிசம்பர் 21 அல்லது 22 அன்று, தெற்கே நகர்ந்துகொண்டே இருந்த சூரியன் தன் எல்லையைத் தொட்டு வடக்கே திரும்புகிறது. பூமியின் வட பாதியில் ஆண்டிலேயே குறுகிய பகல் அன்றைக்குத்தான். வானத்துக் கணக்கில் உத்தராயணம் தொடங்குவதும் அன்றுதான். ஆனால் நாம் பானை ஏற்றிச் சூரியனை வரவேற்பது ஏறக்குறைய 24 நாள் கழித்து, தை முதல் தேதியில்.

நாம் மட்டும் பிந்தவில்லை. சூரியன் திரும்பும் நாளைக் கொண்டாடிய சமூகங்கள் பலவும் அதைக் காலப்போக்கில் நழுவவிட்டிருக்கின்றன. சில சமூகங்கள் விடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. எதை அளவுகோலாகக் கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது அது: கல்லையா, நிழலையா, நட்சத்திரத்தையா, ஏட்டுக் கணக்கையா?

பூமி சுமார் 23.4 டிகிரி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. டிசம்பரில் வட துருவம் சூரியனுக்கு அப்பால் சாய்ந்திருப்பதால் வடக்கே போகப் போகப் பகல் குறைகிறது. சென்னையில் அன்றைய பகல் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடம். ஜூன் மாதத்து நெடும்பகலோடு ஒப்பிட்டால் ஒன்றரை மணி நேரம்தான் குறைவு. லண்டனில் அன்றைய பகல் 8 மணி நேரத்தைக்கூடத் தொடுவதில்லை. ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே அங்கே கிட்டத்தட்ட 9 மணி நேர வித்தியாசம். நார்வேயின் டிராம்சோ நகரில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வடக்கத்திய நாடுகள் இந்தத் திருப்பத்துக்கு ஏன் இவ்வளவு விளக்கேற்றின என்பது இந்த எண்களைப் பார்த்தாலே புரியும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 என்றாலும், சென்னையில் மாலை மிகச் சீக்கிரம் இருட்டுவது நவம்பர் பிற்பகுதியில். மிகத் தாமதமாக விடிவது ஜனவரி பிற்பகுதியில். கடிகாரம் சரியாக 24 மணி நேரத்தை ஒரு நாளாக எண்ணுகிறது. சூரியனோ ஓர் உச்சிப்பொழுதிலிருந்து அடுத்த உச்சிப்பொழுதுக்கு வர, டிசம்பர் கடைசியில் சுமார் 30 விநாடி கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. பூமியின் சாய்வு ஒரு காரணம்; ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் வந்து வேகமாக ஓடுவது இன்னொரு காரணம். அதனால் விடியல், அந்தி இரண்டுமே தினமும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. பொங்கல் விடுமுறை முடிந்த பிறகும் பள்ளிப் பிள்ளைகள் இருட்டில் எழ வேண்டியிருப்பது இதனால்தான்.

கடிகாரமோ எழுத்தோ இல்லாத காலத்தில் இந்த நாளைக் கல்லில் பிடித்து வைத்த ஊர் ஒன்று அயர்லாந்தில் இருக்கிறது. பாய்ன் ஆற்றங்கரையில் உள்ள நியூகிரேஞ்ச் என்ற கல்லறை மேடு, சுமார் கி.மு. 3200-ல் கட்டப்பட்டது. கிசாவின் பிரமிடுகளுக்கு மூத்தது. சுமார் 85 மீட்டர் அகல மேட்டுக்குள் 19 மீட்டர் நீளக் கல் நடை ஒன்று உள்ளறைக்குப் போகிறது. நுழைவாயிலுக்கு மேலே தனியாக ஒரு சின்னத் திறப்பு. அகழாய்வு செய்த மைக்கேல் ஓ'கெல்லி அது எதற்கு என்று யோசித்தார். உள்ளே வெயில் வரும் என்று அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்லி வந்தது அவர் காதில் விழுந்திருந்தது. 1967 டிசம்பர் 21 அதிகாலை உள்ளறையில் போய்க் காத்திருந்தார். 9 மணிக்குச் சற்று முன்னால், மேலேயிருந்த திறப்பு வழியாக ஒளிக்கீற்று ஒன்று தரையோடு தவழ்ந்து உள்ளே வந்தது. மெல்ல அகன்று அறையை வெளிச்சமாக்கி, சுமார் 17 நிமிடம் இருந்துவிட்டு வெளியேறியது.

இன்று அந்த 17 நிமிடத்துக்காகப் பல்லாயிரம் பேர் குலுக்கலுக்குப் பெயர் கொடுக்கிறார்கள். சில டஜன் பேருக்குத்தான் இடம் கிடைக்கிறது. மேகம் மூடினால் அவர்களுக்கும் இருட்டுதான். 5,000 ஆண்டில் அந்தக் கல் கணக்கு பிசகியது மிகக் கொஞ்சம். கட்டிய காலத்தில் சூரியன் எழுந்த உடனே ஒளி நுழைந்திருக்க வேண்டும். இப்போது சுமார் 4 நிமிடம் தாமதம். பூமியின் சாய்வு இடைப்பட்ட காலத்தில் சற்றுக் குறைந்ததே காரணம்.

சீனர்கள் நிழலை நம்பினார்கள். நட்ட கம்பத்தின் நண்பகல் நிழல் எந்த நாளில் மிக நீளமோ அதுவே திருப்பம். சொல்வது சுலபம், அளப்பது கடினம். திருப்பத்தை ஒட்டிய ஒரு வாரத்தில் நிழல் அசைவதே தெரியாது. 13-ஆம் நூற்றாண்டில் குவோ ஷோஜிங் என்ற வானியலாளர் வழக்கமான கம்பத்தைப்போல ஐந்து மடங்கு உயரத்துக்கு ஓர் அளவையை எழுப்பி, கீழே நீண்ட கல் அளவுகோலைப் பதித்தார். நிழல் நீண்டால் மயிரிழை வித்தியாசமும் கண்ணுக்குத் தெரியும். 1281-ல் நடைமுறைக்கு வந்த அவருடைய நாட்காட்டி ஓர் ஆண்டு 365.2425 நாள் என்றது. போப் 13-ஆம் கிரகோரி 1582-ல் ஐரோப்பாவுக்குக் கொடுத்த நாட்காட்டியின் கணக்கும் இதே எண்தான்.

துங்ஷி என்னும் அந்த நாளில் வட சீனத்தில் கொழுக்கட்டை போன்ற டம்ப்ளிங்கும், தெற்கே இனிப்புச் சாற்றில் மிதக்கும் அரிசி மாவு உருண்டையும் வீட்டுக்கு வீடு உண்டு. அன்றிலிருந்து ஒன்பது ஒன்பதாக 81 நாள் எண்ணினால் குளிர் விடைபெறும் என்பது மரபு. ஒவ்வொன்றிலும் ஒன்பது இதழாக ஒன்பது பிளம் பூக்களைக் காகிதத்தில் வரைந்து, தினமும் ஓர் இதழுக்கு வண்ணம் தீட்டுவார்கள். கடைசி இதழ் சிவக்கும்போது வசந்தம் வாசலுக்கு வந்திருக்கும்.

ஈரானியர்களும் நாளைத் தவறவிடவில்லை. அவர்களுடைய ஆண்டு பிறப்பதே வசந்தத்தில் இரவும் பகலும் சமமாகும் நேரத்தை வைத்துத்தான். அதனால் ஆண்டின் நெடிய இரவான யல்தா ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் நிற்கிறது. வீட்டுப் பெரியவர்களைச் சுற்றி உட்கார்ந்து மாதுளை, தர்பூசணி, பருப்பு வகைகளைக் கொறித்தபடி ஹாஃபிஸ் கவிதைகளைப் படித்து விழித்திருப்பார்கள். ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து அளித்த கோரிக்கையின் பேரில் 2022-ல் யுனெஸ்கோ இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நழுவவிட்டவர்கள் ஐரோப்பியர். ஜூலியஸ் சீசர் கொண்டுவந்த நாட்காட்டி ஆண்டுக்கு 365.25 நாள் என்று எண்ணியது. உண்மையான ஆண்டைவிட 11 நிமிடம் அதிகம். 128 ஆண்டில் ஒரு நாள் பிசகும். ரோமானியர் டிசம்பர் 25 என்று குறித்துவைத்த திருப்பம் 14-ஆம் நூற்றாண்டில் 13-ஆம் தேதி வாக்கில் வந்து விழுந்தது. சுவீடனில் லூசியா விழா டிசம்பர் 13. வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சுமாக, தலையில் மெழுகுவத்தி மகுடம் சூடி ஒரு பெண் முன்னே நடக்க, குங்குமப்பூ ரொட்டி பரிமாறுவார்கள். 1753-ல் சுவீடன் நாட்காட்டியைத் திருத்தியபோது சூரியன் 21-க்குப் போய்விட்டது. விழா 13-லேயே தங்கிவிட்டது.

நம் கதை வேறு மாதிரி. நம்முடைய சூரிய மாதங்கள் நட்சத்திரங்களைச் சார்ந்தவை. சூரியன் மகர ராசிக்குள் நுழைந்தால் தை. ஆனால் பூமியின் அச்சு, வேகம் தளர்ந்த பம்பரத்தின் தலைபோல, சுமார் 25,800 ஆண்டுக்கு ஒரு முறை மெல்ல வட்டமடிக்கிறது. அதனால் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் ஏறத்தாழ 71 ஆண்டுக்கு ஒரு நாள் விலகுகின்றன. சுமார் 1,700 ஆண்டுக்கு முன்னால் மகரப் பிறப்பும் சூரியனின் திருப்பமும் ஒரே நாளில் நடந்தன. அந்த ஒரு நாள் 24 நாளாகப் பெருகிவிட்டது. சுவாமி விவேகானந்தர் பிறந்தது மகர சங்கராந்தி அன்று. ஆங்கிலத் தேதி 1863 ஜனவரி 12. இப்போது அது 14 அல்லது 15.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். முன்பு அவிட்டத்தின் தொடக்கத்தில் நடந்த திருப்பம் தம் காலத்தில் மகரத்தில் நடக்கிறது என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே வராகமிகிரர் பதிவுசெய்தார்; ஐயம் வந்தால் நேரில் பார்த்துச் சரிசெய்துகொள்ளச் சொன்னார். 1952-ல் மேகநாத் சாகா தலைமையில் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அதைத்தான் செய்தது. 1957 மார்ச் 22 முதல் நடைமுறையில் இருக்கும் தேசிய நாட்காட்டியில் பௌஷ மாதம் டிசம்பர் 22-ல் பிறக்கிறது. அரசிதழில் அந்தத் தேதி அச்சாகிறது. பண்டிகைகள் பழைய கணக்கிலேயே நடக்கின்றன.

வராகமிகிரர் சொன்ன சோதனையை மொட்டை மாடியில் யாரும் செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் குச்சியை நேராக நட்டால், டிசம்பர் 21 அன்று சென்னையில் பகல் 12.07 வாக்கில் வடக்கே விழும் நிழல் சுமார் 74 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு வாரம் கழித்து அளந்தாலும் அரை சென்டிமீட்டர்கூடக் குறைந்திருக்காது. பொங்கலன்று உச்சிப்பொழுது 12.18-க்குத் தள்ளிப்போயிருக்கும், நிழல் 69 சென்டிமீட்டருக்குச் சுருங்கியிருக்கும். ஏப்ரல் 24, 25 வாக்கில் நண்பகல் நிழலே இராது. அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம்வரை அது குச்சிக்குத் தெற்கே விழும்.