பிரிவின் பெயரா பணியின் ஆயுள்?

மணலிக்கு வடக்கே, காட்டுப்பள்ளித் தளத்தில் கடற்படைக்குக் கப்பல்கள் கட்டப்படுகின்றன. எங்கள் பகுதிப் பெண்கள் அப்படையில் அதிகாரிகளாக விரும்பினால், 'எந்தப் பிரிவு?' என்று முதலில் கேட்கச் சொல்வேன்.

1991-இல் தளவாட வழங்கல், சட்டம், கல்வி ஆகிய பிரிவுகளைக் கடற்படை பெண்களுக்குத் திறந்தது. அது குறுகிய காலப் பணி. அதிகபட்சம் 14 ஆண்டுகள். ஆனால், அதிகாரியின் ஓய்வூதியத்துக்கு 20 ஆண்டுப் பணி வேண்டும். 2008-இல் நிரந்தரப் பணி வழங்க முன்வந்த அரசு, அதைக் கல்வி, சட்டம், கப்பல் வடிவமைப்பு ஆகிய பிரிவுகளில் புதிதாகச் சேர்வோருக்கு மட்டுமே என வரையறுத்தது. தளவாட வழங்கலிலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டிலும் பல்லாண்டு உழைத்த பெண்கள் வெளியே நிறுத்தப்பட்டனர்.

ஆன்னி நாகராஜா வழக்கில், 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வரம்புகளை நீக்கியது.

பிரிவுகளை வகுப்பதும் மாற்றியமைப்பதும் படையின் உரிமை; அதை நான் மறுக்கவில்லை. எந்தப் பணிக்கு எத்தனை பேர் என்பதைப் படையின் தேவை தீர்மானிக்கட்டும். எவர் நீடிப்பது என்பதைத் தகுதி தீர்மானிக்கட்டும். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டதால் ஒருவரின் முதுமைக் காப்பு பறிபோவது நிர்வாகமன்று, அநீதி.