நல்ல கையைக் கட்டிப்போட்டார்... மரத்த கை எழுந்தது! 17 குரங்குகளின் கதை

கையில் எலும்பு முறியவில்லை. தசைக்கும் சேதமில்லை. அசையச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவைக் கொண்டுவரும் நரம்பும் நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தக் குரங்கு கையைத் தூக்கவே இல்லை.

எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களிலிருந்தே இந்தப் புதிரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தொடு உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்புகளை மட்டும், தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்தில் அவர் வெட்டிவிடுவார். கை மரத்துப்போகும். உணர்வு இல்லாத கையை அசைக்கவும் முடியாது என்பதுதான் அன்றைய பாடம். டௌப் அதை நம்பவில்லை. குரங்கின் நல்ல கையைக் கட்டிப்போட்டார். பசிக்குமே! வேறு வழியில்லாமல் அது மரத்த கையை நீட்டி உணவை எடுத்தது.

அப்படியானால் அதுவரை ஏன் நீட்டவில்லை? அறுவை சிகிச்சை முடிந்த ஆரம்ப நாள்களில் அது முயன்று, முயன்று தோற்றிருக்கிறது. ‘இந்தக் கை உதவாது’ என்று பழகிவிட்டது. பிறகு கை தேறிய சங்கதி அதற்கே தெரியவில்லை. பக்கவாதம் வந்த மனிதர்களுக்கும் இதுதான் நடக்கிறதோ என்று டௌப் யோசித்தார்.

அந்த யோசனை சிகிச்சையாக மாறுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

1981-ல் மேரிலாந்து மாநிலம் சில்வர் ஸ்பிரிங்கில் இருந்த அவரது ஆய்வகத்தில், அலெக்ஸ் பச்சேகோ என்ற மாணவர் உதவியாளராகச் சேர்ந்தார். அவர் ‘பீட்டா’ அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அழுக்கேறிய கூண்டுகளையும், உணர்வற்ற தம் விரல்களைத் தாமே கடித்துக் குதறியிருந்த குரங்குகளையும் அவர் ரகசியமாகப் படம் எடுத்தார். செப்டம்பரில் 17 குரங்குகளையும் போலீஸ் பறிமுதல் செய்தது.

டௌப் மீது 119 குற்றச்சாட்டுகள். தான் விடுமுறையில் இருந்தபோது திட்டமிட்டுச் சிக்கவைத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். முதல் விசாரணையில் 6 குற்றச்சாட்டுகள் நிரூபணமாயின. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 1983-ல் அவர் முழுவதுமாக விடுபட்டார். கொடுமை நடக்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிடவில்லை. மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆய்வுக்கு அந்த மாநிலச் சட்டம் பொருந்தாது என்றது, அவ்வளவுதான். இந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்பும் ஒரு காரணமாக, ஆய்வக விலங்குகளைப் பாதுகாக்கும் அமெரிக்கச் சட்டம் 1985-ல் கடுமையாக்கப்பட்டது.

குரங்குகளை யார் வைத்துக்கொள்வது என்ற சண்டையோ உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த இழுபறிக்கு நடுவே, கருணைக்கொலைக்கு முன்பு மயக்க மருந்து கொடுத்துச் சிலவற்றின் மூளையை விஞ்ஞானிகள் சோதித்தார்கள். நரம்பு வெட்டி 12 வருடங்களாகியிருந்தன. கைக்கான மூளைப்பகுதி ஊமையாகக் கிடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். முகத்தைத் தொட்டால் அந்தப் பகுதி துடிப்பாக வேலை செய்தது! மூளை வரைபடத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். காலியான வீட்டை முகம் ஆக்கிரமித்துவிட்டது, அதுவும் 1 சென்டிமீட்டருக்கும் மேல். வளர்ந்த மூளை இவ்வளவு மாறும் என்று 1991-ல் இந்த முடிவு வெளியாகும்வரை பலரும் நினைக்கவில்லை.

அதைப் படித்ததும் உட்கார முடியாமல் எழுந்தவர்களில் ஒருவர், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்துகொண்டிருந்த வி.எஸ்.ராமச்சந்திரன். விபத்தில் கையை இழந்த ஓர் இளைஞரின் கண்களைக் கட்டி, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். கன்னத்தோடு, இல்லாத கையின் கட்டைவிரலையும் யாரோ தொடுவதாகச் சொன்னார் இளைஞர். குரங்கின் மூளையில் கண்டது மனித அனுபவமாகவே பேசியது.

டௌப் பின்னர் அலபாமா பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, விட்ட இடத்தில் தொடங்கினார். பக்கவாத நோயாளியின் நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, இரண்டு வாரம் முழுக்கப் பலவீனமான கையாலேயே வேலைகளைச் செய்யவைக்கும் சிகிச்சை அது. 2006-ல் 222 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனையின் முடிவு வெளியானது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஒரு வருடம் கழித்தும் பலன் நின்றது.

மணிக்கட்டிலும் விரல்களிலும் கொஞ்சமாவது அசைவு மிச்சமிருப்பவர்களுக்குத்தான் இது. வீட்டில் நாமாகவே தாத்தாவின் கையைக் கட்டிவைக்கிற வேலை வேண்டாம். பிசியோதெரபிஸ்ட் பார்த்து முடிவுசெய்ய வேண்டும்.